ஜாக்கி இறங்குகிறது

இறங்கத்தான் செய்கிறது. முதலில் கண்ணின் கோளாறு என்று நினைத்தார் சிகாமணி. புரை எடுத்த கண், வெயில் உச்சிக்கு வந்தால் நேர்க்கோடே கொஞ்சம் நெளியும். அப்புறம், உத்திரத்தை ஒட்டிச் சுவரில் பென்சிலால் இழுத்து வைத்திருந்த கோட்டைப் பார்த்தார். கோடு போட்ட இடத்தில் இருந்தது. உத்திரம்தான் அதைவிட்டுக் கீழே வந்திருந்தது. ஒரு நூல். இல்லை, தாராளமாக ஒன்றரை. குனிந்து ஜாக்கியின் கம்பியைப் பிடித்து இரண்டு அமுக்கு அமுக்கினார். ஜாக்கிக்கு மேல் நிறுத்தியிருந்த தேக்குத் தூண் முனகியது, தூணுக்கு மேல் உத்திரம் முனகியது, உத்திரத்துக்கு மேல் கூரை முழுக்க ஓடுகள் பல்லைக் கடிப்பதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. உத்திரம் கோட்டுக்கு வந்தது. வந்துவிட்டதா? வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் சொல்லிக் கேட்காமல் எது இருந்திருக்கிறது. கேட்கும். கம்பியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். எண்ணெய். கையில் எப்படி எண்ணெய்? ஜாக்கியின் கழுத்தைச் சுற்றி மினுக்கென்று ஒரு வளையம். அழுகிறது, சவம். உள்ளே ரப்பர் சீல் போய்விட்டது. டிப்போவில் ஏலம் விட்டபோது இதைத் தூக்கி வந்தவர் அவர்தான். பஸ்ஸையே தூக்கினது, வீட்டைத் தூக்காதா என்று எண்ணெய் மாற்றி, துருவைத் தேய்த்து, காலையில் கும்பிடாத குறையாக வைத்தார். தூக்கியது. தூக்கியதில் குற்றம் சொல்ல முடியாது. டிப்போ ஒர்க்‌ஷாப் சுவரில் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்தவரும் அவர்தான், போர்மேன் ஞானசிகாமணி, கொட்டை எழுத்தில்: ஜாக்கி தூக்கும், தாங்காது. தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு வைக்காமல் பஸ்ஸுக்கு அடியில் நுழைந்த பயல்களைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். ஒருதடவை ஜாக்கி சரிந்து ஒரு பஸ் உட்கார்ந்தது. அடியில் யாரும் இல்லை, எவனோ வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கு மட்டும். அதை எடுத்தபோது அப்பளம் மாதிரி இருந்தது. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அந்த அப்பளத்தைக் காட்டினார். இன்றைக்கு ஸ்டாண்டு எங்கேவே, போர்மேன்? சென்டரிங் கடையில் முட்டு இரும்பு வாடகைக்குக் கொடுப்பான். பத்து நிமிஷ வேலைக்கு முட்டு என்னத்துக்கு என்றது யாரு? அதுவும் நான்தான்.

வேலை என்னவோ சின்ன வேலை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார். பாளையங்கோட்டையில் இந்த மாதிரி ஓட்டு வீடு தெருவுக்கு இரண்டு மிச்சம் இருக்கும். கூடத்தின் குறுக்கே ஒரே உத்திரம். அதன் நட்டநடுவில் நிற்கிற குத்துக்கால் முகட்டைத் தாங்குகிறது, முகடு இரண்டு பக்கத்து ஓடுகளையும் தாங்குகிறது. உத்திரத்தின் தெற்கு முனை இவர் சுவரில், வடக்கு முனை அக்கா சுவரில். ஒரே கூடமாக இருந்ததுதான். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம் செங்கல் எழுப்பி, வடக்குப் பாதி அக்காவுக்கு, தெற்குப் பாதி தம்பிக்கு என்று ஆகி நாற்பது வருஷம் இருக்கும். சுவருக்கு மேலே எல்லாம் பொது. உத்திரம், ஓடு, பல்லி, பூனை, அவள் தாளிக்கிற வாசம், இவர் குறட்டை. உளுத்தது இவர் பக்கத்து முனை. ஒரு ஓடு விரிந்து இரண்டு மழைக்காலம் சொட்டியது, மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது. கொத்தனார் வந்தான், அண்ணாந்து பார்த்தான், உச்சுக்கொட்டினான், 'எல்லாத்தையும் எறக்கிட்டு கான்கிரீட்டு போட்டுருவோம்யா' என்றான். 'மொதல்ல நீ எறங்கு' என்றார். போய்விட்டான். கையில் இருப்பதற்கு கான்கிரீட்டின் ஜல்லிகூட வராது, அது வேறு விஷயம். மரம் கொஞ்சம் உளுத்தால் வீட்டையே இறக்கணும் என்று எந்தச் சட்டம்? பஸ்ஸின் சேஸிஸ் விரிந்தால் பஸ்ஸையா தூக்கி எறிகிறோம்? இரண்டு கன்னத்திலும் இரும்பை வைத்து போல்ட் முடுக்கி மறுநாள் தூத்துக்குடிக்கு அனுப்பவில்லையா? பழைய இரும்புக் கடையில் சேஸிஸ் சேனல் இரண்டு துண்டு எடுத்தார். நேற்றே உத்திரத்தின் இரண்டு பக்கமும் வைத்து முடுக்கியாயிற்று. காலையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, உளுத்த முனையை அறுத்துத் தள்ளி, அது உட்கார்ந்திருந்த செங்கலையும் தட்டி எடுத்தாயிற்று. செங்கலா அது, விரலால் குத்தினால் மாவு. இனி அந்தக் குழியில் ஒரு கருங்கல்லை வைத்து உத்திரத்தை அதன்மேல் இறக்கணும். அவ்வளவுதான் சோலி. வீட்டுக்காரி ரூபி, மகள் பிரசவத்துக்குக் கரூர் போயிருக்கிறாள், சனிக்கிழமை வருவாள். அதற்குள் முடிந்தால் இவர் ஏணியில் ஏறியதே அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி மழையும் அதற்கப்புறம் வந்தால் போதும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று. இந்த நிமிஷம் உத்திரத்தின் தெற்கு முனைக்கு அடியில் சுவர் இல்லை, குழிதான் இருக்கிறது. ஜாக்கிதான் சுவர். அந்தச் சுவர் இறங்குகிறது.

கோடு. பார், பேசிக்கொண்டிருக்கும்போதே. அமுக்கினார். ஒன்று, இரண்டு. கல் மேலேதான் இருக்கிறது, குழி வாயில், பாதி உள்ளே பாதி வெளியே, வாயில் வைத்த கொழுக்கட்டை மாதிரி. இரண்டுதரம் ஏறிப் பார்த்துவிட்டார். கோட்டுக்கு ஏற்றிவிட்டு, எழுந்து, முழங்காலைத் திட்டி, ஏணியைப் பிடித்து மேலே போய்ச் சேருவதற்குள் உத்திரம் இறங்கி நிற்கிறது, கல் இடிக்கிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது. மறுபடி இறங்கு, அமுக்கு, ஏறு. மூன்றாவதுதரம் பொறுமை போய்விட்டது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக ஏற்றி வைத்தால், நான் ஏறிப் போவதற்குள் அது இறங்கிக் கோட்டுக்கு வரும், கணக்கு சரிதானே என்று ஓங்கி ஓங்கி நாலு அமுக்கு. கணக்கு சரிதான். கூரைக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. முகட்டில் சடாரென்று ஒரு சத்தம், சாட்டையைச் சொடுக்கினதுபோல. அதைத் தொட்டு அந்தப் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம், பொத்தென்று ஏதோ விழுந்தது. அவசரமாக ஜாக்கியின் திருகைத் திறந்து கோட்டுக்கு இறக்கினார். காது அப்போதுதான் கவனித்தது. அக்காவின் சத்தம் நின்றுபோயிருந்தது.

காலையிலிருந்து நிற்காத சத்தம் அது. அவளிடம் சொல்லாமல் தூக்கவில்லை, அந்த மட்டும் அவர் மேல் பழி கிடையாது. சுவரைப் பார்த்துச் சொன்னார். 'யக்கா, உத்திரத்தத் தூக்கப்போறேன். மத்தியானம் வரைக்கும் வெளிய போய் இரி.' சுவருக்கு மேலிருந்து குரல் மட்டும் வந்தது. 'எங்கன போய் இருக்கச் சொல்லுத?' 'சர்ச்சுல போய் இரி.' 'இன்னைக்கு என்ன ஞாயித்துக்கெழமையா? என் வீட்ட விட்டு நான் எதுக்குப் போகணும்? நீ போ.' 'நான் போனா யாரு தூக்க?' 'அதத்தான் சொல்லுதேன். தூக்காண்டாம்.' 'மேல விழுந்துட்டுன்னா?' 'கேஸு போடுவேன்.' 'செத்த பொறவு எப்படிப் போடுவ?' 'அத நான் பாத்துக்கிடுதேன், நீ சோலியப் பாரு.' பார்த்தார். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு வார்த்தை வந்தது. கோட்டிக்காரப்பய. எழுபத்தோரு வயசுல பொம்பள ஊர்ல இல்லாத நேரம் பாத்து. ரூபி வரட்டும் சொல்லுதேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவள், தொண்டைக்கு மைக் தேவைப்பட்டதில்லை. கிருபை டீச்சர் என்றால் இப்போதும் பேரன் பேத்தி எடுத்த பொம்பளைகள் பஸ் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்பார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அப்பா பாதி வீட்டை அவள் பெயருக்கு எழுதினார், தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, சரி என்றார், அதில் தகராறே இல்லை. தகராறு லெஜிமில் வந்தது. சாயங்காலமானால் பதினைந்து பொட்டைப்பிள்ளைகளைக் கூடத்தில் நிறுத்தி கையில் ஆளுக்கொரு சலங்கை வில்லைக் கொடுத்து ஆண்டு விழாவுக்கு லெஜிம் பழக்குவாள், சலங் சலங் சலங் என்று. இவர் நைட் டூட்டி முடித்துவிட்டுப் பகலில் இருட்டுகிறவரை தூங்குகிற ஆள். 'நிறுத்துதியா இல்லயா?' 'நீ டூட்டிய மாத்து.' 'நடுவுல சுவர் எடுத்துக் கட்டிருவேன்.' 'எடு.' எடுத்தார். மூன்று நாள் லீவு போட்டு அவரே கட்டினார், கொத்தனாரைக் கூப்பிடவில்லை. செங்கல் எடுத்துக் கொடுத்தது யார்? அவள்தான். ஒரு வார்த்தை பேச்சில்லை, நனைத்து நனைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், சாந்து பத்தாது என்று கண்ணால் காட்டினாள். மார்பளவு வந்ததும் அந்தப் பக்கம் போய் நின்று கொடுத்தாள். கடைசி வரிசைகளில் செங்கல் மட்டும் சுவருக்கு மேல் எழுந்து வந்தது, ஆள் தெரியவில்லை. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். சுவர் நின்றது, இன்றைக்கும் ஒரு விரிசல் கிடையாது. லெஜிம் சத்தமும் நிற்கவில்லை, அது சுவருக்கு மேலே ஏறி வந்தது. பழகிவிட்டது. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்பதை இவர் யாரிடமும் சொன்னதில்லை.

கோடு. அமுக்கு. என்ன விழுந்தது? ஓடு விழுந்தால் உடைகிற சத்தம் கேட்கும். இது பொத்தென்று கேட்டது. பொத்தென்று எது விழும்? சுண்ணாம்புக் கட்டி விழும், துணிமூட்டை விழும். ஆள் விழுந்தாலும் அப்படித்தான் கேட்கும். சே. ஏணியில் நிற்கும்போது அந்தப் பக்கம் பார்த்தோமா? பார்த்தோம். அங்கிருந்து சுவருக்கு மேலாக அவள் பக்கம் பாதிக்கு மேல்தான் தெரியும். காலண்டர், மின்விசிறி, வாசல் நிலையின் மேல்கட்டை. தரை தெரியாது. கட்டில் தெரியாது. கட்டிலை அவள் சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கிறாள், உத்திரத்துக்கு நேர் கீழே. மத்தியானம் கொஞ்சம் சாய்ந்து படுக்கிற வழக்கம். மத்தியானமா இப்போது? நிழல் வாசல்படிக்குள் சுருங்கிவிட்டது. மத்தியானம்தான். தூங்கிவிட்டாள். அவ்வளவுதான். பேசிப் பேசி அலுத்துத் தூங்கியிருப்பாள். இந்தச் சத்தத்திலா? கடாமுடா என்று தலைக்கு மேலே கூரை நகரும்போதா? போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கத்தவில்லை. இவருக்குக் கேட்டது தண்ணீர் மொள்ளுகிற மக் உருண்ட சத்தம் மட்டும். சாயங்காலம் சுவருக்கு மேலே குரல் வந்தது: 'காலைல விழுந்துட்டேன். எந்திச்சுட்டேன்.' காலையில் விழுந்ததைச் சாயங்காலம் சொல்கிறாள். ஆஸ்பத்திரி? 'எந்திச்சுட்டேன்னு சொல்லுதேம்லா.' விழுந்தால் கத்துகிற ரகம் இல்லை அவள். அதுதான். கத்தியிருந்தால் தேவலை. கத்தாமல் இருப்பதற்கு அவளிடம் இரண்டு காரணம் இருக்கும், ஒன்று நன்றாக இருப்பாள், இன்னொன்று... அமுக்கு. கோட்டைப் பார். கோட்டை மட்டும் பார்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? வாசல் இறங்கி, சாக்கடை தாண்டி, அவள் படி ஏறி. நடுவில் ஒரு கதவு வைத்திருக்கலாம், யாருக்குத் தோன்றியது அன்றைக்கு. முழங்கால் நன்றாக இருந்த நாளில் இதெல்லாம் ஒரு தூரமா? சரி, போகிறோம். இந்த ஜாக்கி ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நூல் இறங்குகிறது, அதையும் சொல்லிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். போய், பார்த்து, திரும்பி வருவதற்குள் எத்தனை ஜெபம்? கல்லின் மூக்கில் உத்திரம் உட்காரும். கல் பிதுங்கி வெளியே பாயும். அடியில் குழி. குழிக்குள் உத்திரம் ஒரு சாண் இறங்கினால் நடுவில் குத்துக்கால் சாயும், குத்துக்கால் சாய்ந்தால் முகடு வாய் பிளக்கும். ஓடு ஒவ்வொன்றாக வராது. மொத்தமாக வரும். இரண்டு பக்கமும் வரும். அவள் அங்கே கிடந்தால், அவள் மேல். அப்படியானால் போகக்கூடாது. போகாமல் இருந்தால்? அங்கே அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால்? அப்படியானால் போகணும். போனால் விழும். விழுந்தால் அவள் மேல். போகக்கூடாது. வண்டி ஒரே இடத்தில் சுற்றுகிறது. சேற்றில் மாட்டின சக்கரம், எவ்வளவு ஆக்ஸிலேட்டர் மிதித்தாலும் சேற்றைத்தான் வாரி இறைக்கும். மிதிக்காதே. யோசி. நாலு பேர் செய்கிற வேலையை ஒருத்தனாகச் செய்து பழகினவன் நீ. என்ஜினைத் தனியாக இறக்கினவன். கியர் பாக்ஸின் கோளாறைச் சத்தம் கேட்டே சொன்னவன். இரண்டு கை இருக்கிறது. ஒரு கை ஜாக்கியில். ஒரு கை கல்லில். நடுவில் ஏணி. கை எட்டாது. எப்படிப் போட்டாலும் ஒரு கை குறைகிறது. மகன் ஓசூரில் இருக்கிறான், போனில் அவன் கை எட்டுமா? 'வித்துட்டு வாங்கப்பா, பிளாட் பாக்கலாம்' என்பான். அந்தக் கொத்தனார்ப் பயலாவது இருந்திருந்தால். அவன் கை அப்படியொன்றும் மோசமில்லை. முகம்தான் பிடிக்கவில்லை. முகம் பிடிக்கவில்லை என்று துரத்தின ஆட்களை வரிசையாக நிறுத்தினால் தெருமுனை வரைக்கும் போகும். அமுக்கு.

'யக்கா' என்றார், எப்போதும் கூப்பிடுகிற சத்தத்தில். ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, கிறுக் கிறுக் என்று, அவள் பக்கத்து விசிறி. விசிறி ஓடுகிறது, ஆள் இருக்கிறாள். ஆள் இல்லாத அறையில் கரண்டை ஓடவிடுகிறவள் இல்லை அவள். இதில் நிம்மதிப்படுவதா பயப்படுவதா? 'கிருபை டீச்சர்!' என்றார். தம்பி அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்துக் கிடந்தாலும் எழுந்து வந்து வைவாள். வையவில்லை. செத்துக் கிடந்தாலும் என்று ஏன் நினைத்தோம்? நெற்றி வியர்வை புருவத்தில் நின்று, கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை, கை எண்ணெய். அமுக்கினார். திடீரென்று ஒரு எண்ணம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்: இவளுக்குப் பிறகு அந்தச் சுவருக்கு மேலே என்ன சத்தம் வரும்? ஒன்றும் வராது. கூடம் முழுக்க நம்முடையதாகிவிடும். முழுக்க நம்முடைய கூடம். 'யக்கா!' கத்தினார். தொண்டை கிழிந்தது. இந்தச் சத்தம் தம்மிடம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. 'யக்கா! ஏ யக்கா!' தெருவில் அதே நேரம் வெங்காய வண்டி. ஒலிபெருக்கியில் எவளோ நாலு கிலோ நாலு கிலோ என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கத்தியதெல்லாம் அதற்குள் போய்க் கரைந்தது. வண்டி போகட்டும் என்று காத்திருந்தார். அமுக்கினார். வண்டி நிற்கிறது, எவளோ விலை கேட்கிறாள். போயேன், சவத்து மூதி, போய்த் தொலையேன். போனது. மூச்சை இழுத்தார். 'யாராவது வாங்களேன்!' என்றார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வாங்களேன். யாரோ ஒரு கிழவனின் குரல்.

'எதுக்குல இப்படிக் கெடந்து கத்துத?'

வாசலில் குடையோடு நின்றாள். வெள்ளைச் சேலை, நெற்றியில் வியர்வை, முழங்காலில் ஒரு கை. வெயில் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாக இருந்தது. ஆனால் முழுதாக இருந்தது. தலை, கை, கால், எல்லாம் வைத்த இடத்தில்.

'நீ எங்கன போன?' என்றார். கத்தத்தான் நினைத்தார், காற்றுதான் வந்தது.

'நீதானல வெளிய போகச் சொன்ன.'

'நான் காலைல சொன்னேன்.'

'நான் இப்பப் போனேன்.'

'நான் சொல்லி நீ என்னைக்குப் போயிருக்க?'

'தேங்கா தண்டிக்குச் சுண்ணாம்புக் கட்டி என் தலகாணில வந்து விழுந்துச்சு. தலைய வச்சுப் படுக்க ஒரு நிமிசந்தான் இருந்துச்சு. பொறவும் கெடக்கதுக்கு நான் என்ன உன்ன மாதிரிக் கோட்டியா? விசிறியக்கூட அணைக்காம எந்திச்சு வந்து, எதுத்த வீட்டு நெழல்ல நின்னு உன் முகட்டத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.' குடையை மடக்கினாள். 'அது என்னல, நிமிருது, பொறவு கூனுது, மறுபடியும் நிமிருது? மூச்சு விடுதமாரி. ரொம்ப நேரமாப் பாக்கேன். என்ன பண்ணிக்கிட்டிருக்க?'

அவள் தெருவில் நின்றிருக்கிறாள். இத்தனை நேரமும். நாம் சொன்னதைக் கேட்டு அவள் போவாள் என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லையே. எத்தனை விதமாக அவளைக் கொன்று பார்த்தோம், இது ஒன்று மட்டும் தோன்றவில்லை. சிரிப்பு வந்தது, அது வரும் வழியில் வேறு என்னவோ ஆகப் பார்த்தது, இருமிச் சமாளித்தார். அமுக்கினார். அவள் அதைப் பார்த்தாள். ஜாக்கியைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், மேலே குழியையும் பாதி நுழைந்த கல்லையும் பார்த்தாள்.

'ஜாக்கி எறங்குது' என்றார்.

'முட்டு வைக்கலயா?'

'இல்ல.'

திட்டப்போகிறாள். திட்டட்டும். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

'ஒரு கை வேணும்.'

'யாரு கை?'

கேட்பதைப் பார். விடமாட்டாள். சின்ன வயதில் புளியங்காய் கேட்டாலும் இப்படித்தான், முழுதாகச் சொல்ல வைத்த பிறகுதான் தருவாள்.

'உன் கைதான்க்கா.'

குடையைச் சுவரோரம் சாய்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மெல்ல, ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, ஜாக்கி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். 'எப்ப அமுக்கணும், எப்பத் தெறக்கணும், எந்தப் பக்கம் திருகணும். அத மட்டும் சொல்லு. வேற வியாக்கியானம் வேண்டாம்.' சொன்னார். கம்பியை அவள் கைக்கு மாற்றினார். மாற்றும்போது ஒரு நொடி இரண்டு பேர் கையும் அதில் இருந்தது, அவர் கைதான் விடவில்லை. டிப்போவில் ஒரு பயலிடம் ஜாக்கியைக் கொடுத்துவிட்டு அவர் அடியில் போனதில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் ஒருதரமும் இல்லை. மற்றவன் மேல் நம்பிக்கை இல்லை என்பதில்லை. இருக்கலாம். நம்பிக்கை இல்லைதான். 'விடு' என்றாள். விட்டார்.

ஏணி. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு வார்த்தை சொன்னது. மேலே வெக்கை, ஓட்டின் சூடு தலையில் இறங்கியது. கீழே அவள் உச்சந்தலை தெரிந்தது. முடி இவ்வளவு குறைந்துவிட்டதா, இத்தனை உயரத்திலிருந்து இதைப் பார்த்ததே இல்லை. 'ஏத்து' என்றார். உத்திரம் அசைந்தது. 'இன்னும் ஒண்ணு. மெல்ல. நிப்பாட்டு.' கோடு. உத்திரம் கோட்டில் நின்றது, அவள் அதை அங்கேயே நிறுத்தி வைத்தாள், இறங்கின உடனே ஒரு அமுக்கு, சின்னதாக, கூடவும் இல்லை குறையவும் இல்லை. தாளம் தெரிந்த கை. இப்போது கல். உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தள்ளினால்தான் போகும். அடியில் என்றால் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில். மேல்புறம் பிடித்துத் தள்ளினால் கல்லுக்கும் உத்திரத்துக்கும் நடுவில். எப்படியும் விரல்கள் உள்ளே. அவள் திருகை மாற்றித் திருப்பினால், ஒரு தும்மல் வந்தால், முழங்கால் சுளுக்கி லேசாகச் சாய்ந்தால். கூரையின் பாரம் முழுக்க. யோசித்தால் முடியாது. விரல்களை நுழைத்தார். தள்ளினார். கல், குழியில் பரப்பியிருந்த கலவையில் கரகரவென்று போனது. இன்னும் கொஞ்சம். இடது ஓரம் தூக்கி நிற்கிறது. வலது கையின் நாலு விரலும் உள்ளே போக, கட்டைவிரல் சேனலின் முனையில் உரசி எரிந்தது. கீழே ஒரு அமுக்கு. மேலே ஒரு முனகல். கல்லின் கடைசி மூலை குழிக்குள் விழுந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், சக்கரம் டிரம்மில் போய்ச் சேருகிற சத்தம். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

'விடு' என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை.

'விடுன்னு சொல்லுதேம்லாக்கா. தெறந்து விடு.'

'கையக் காட்டு.'

'எடுத்துட்டேன்.'

'காட்டு. எனக்குக் கண்ணால பாக்கணும்.'

வலது கையை நீட்டினார்.

'இன்னொண்ணு?'

'ஏணியப் பிடிக்கணும்லா, எப்படிக் காட்ட?'

'நெஞ்ச ஏணில சாச்சுக்க. ரெண்டையும் காட்டு. வெரல விரி.'

முன்பென்றால் ஏணியிலிருந்தே ஒரு வார்த்தை எறிந்திருப்பார். நெஞ்சை ஏணியில் சாய்த்தார். இரண்டு கையையும் தோளுக்கு நேராகத் தூக்கி, உள்ளங்கையை அவள் பக்கம் திருப்பி, பத்து விரலையும் விரித்தார். எண்ணெய், சுண்ணாம்பு, கட்டைவிரலில் கொஞ்சம் ரத்தம். அவள் அண்ணாந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. இந்தக் கையைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். அதுவரைக்கும் ஜாக்கியை ஒரு நூல் இறங்க விடவில்லை.

'ம்' என்றாள். திருகைத் திறந்தாள்.

உத்திரம் இறங்கி வந்து கல்லில் உட்கார்ந்தது. ஓடுகள் ஒருமுறை முணுமுணுத்து அடங்கின. சிகாமணி கைகளை இறக்கவில்லை. இறக்கு என்று அவள் இன்னும் சொல்லவில்லை.